ரவுண் ஏஜென்சி பிடிச்சு ஷெங்கன் விசா எடுத்தது: எதுக்குக் காசு குடுக்கலாம், எதுக்குக் குடுக்கக் கூடாது

முதல்லயே முடிவைச் சொல்லிப்போடுறன். அம்மாவுக்கும் எனக்கும் மனிசனுக்கும் பிரான்ஸ் விசா, அதாவது ஐரோப்பாவில 29 நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசா, கிடைச்சது, போயிட்டும் வந்திட்டம். அலுவல் பாத்துத் தந்தது யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள இருக்கிற ஒரு ஏஜென்சி. பேர் போட விருப்பமில்லை, ஏனெண்டால் கீழ சொல்லப்போற குறையள் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதில்லை, இதே அலுவலுக்கு வேற வேற இடம் போன சொந்தக்காரரும் கூடப் படிப்பிக்கிற ரீச்சர்மாரும் இதே கதையைத்தான் சொல்லீச்சினம். அஞ்சுக்கு மூண்டு புள்ளி குடுப்பன். பேப்பர் அடுக்கிற வேலைக்கு நாலரை, புத்திமதி சொல்லுற வேலைக்கு ஒண்டு, கூட்டிப் பிரிச்சுப் பாத்தால் அவ்வளவுதான் வருது.

தங்கச்சி பாரிசுக்குக் கிட்ட இருக்கிறா, கலியாணம் முடிச்சுப் போனவ, பத்து வருசக் காட் இருக்கு. பிள்ளையள் ரெண்டும் அம்மம்மாவை போனுக்குள்ள மட்டும்தான் கண்டிருக்குதுகள். பாரிஸ் லாச்சப்பல் மாணிக்கப் பிள்ளையார் தேர் ஆவணியில வரும், அதுக்கு வாங்கோ எண்டு அவ கேட்டபடி, பள்ளிக்கூட லீவும் அந்த நேரம் எண்டு பாத்தால் அம்மாவுக்கு நல்லூர்க் கொடியேத்தம் வந்து குறுக்க நிண்டிட்டுது. நல்லூரானை விட்டிட்டு ஆரும் பாரிசில பிள்ளையார் பாக்கப் போவினமோ எண்டு ஒரு கிழமை முகம் குடுத்துக் கதைக்கேல்லை. பேந்து பேரப்பிள்ளையள் வென்றிட்டுதுகள்.

சரி, ஏஜென்சிக்கு வருவம். உள்ள போய் இருந்த உடன கொம்பியூட்டருக்கு முன்னால இருந்த பிள்ளை கேட்ட முதல் கேள்வி, "அக்கா, அங்க உங்களுக்குச் சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" ஓம், தங்கச்சி இருக்கிறா எண்டன். உடன குரலைக் குறைச்சு, "அப்ப அதைச் சொல்லாதேங்கோ அக்கா, சொன்னால் திரும்பி வரமாட்டியள் எண்டு நினைச்சு விசா தராயினம், நாங்கள் சுத்திப் பாக்கப் போறதெண்டு போட்டு ஹொட்டல் புக்கிங் போடுவம், விசா வந்தாப் பிறகு கான்சல் பண்ணலாம்" எண்டு சொல்லுது. முதலாளி அண்ணையும் பின்னால இருந்து தலையாட்டுறார். இதுதான் யாழ்ப்பாணத்தில விசா பற்றி ஆரைக் கேட்டாலும் கிடைக்கிற முதல் புத்திமதி, நானும் போகமுதல் எத்தினையோ பேரிட்டக் கேட்டிருக்கிறன். ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ, எங்கட ஊரில இருந்து ஒரு ரீச்சர், ஒரு கடைக்காரர், எழுபது தாண்டின ஒரு அம்மா, மூண்டு பேரும் ஒரு சொந்தக்காரரும் இல்லாமல் ஈபிள் கோபுரம் பாக்கப் போகினமாம், அதுவும் மூண்டு கிழமைக்குக் கிட்ட ஒரே ஊரில ஹொட்டலில நிக்கினமாம். இதை நம்புறதுக்கு எம்பசியில இருக்கிறவை நேற்றுத்தான் கொழும்புக்கு வந்தவையா இருக்கவேணும். 83 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில பாதிப் பேருக்கு ஐரோப்பாவில ஆக்கள் இருக்கிறது அவையளுக்கும் தெரியும்.

பொய் எண்டதை விட்டாலும் இது கணக்கும் பிழை. பிரான்சுக்குப் போறவை ஒரு நாளைக்கு இவ்வளவு காசு காட்டவேணும் எண்டு ஒரு அளவு வச்சிருக்கினம். ஹொட்டலில நிக்கிறதெண்டால் ஆளுக்கு நாளுக்கு 65 யூரோ, ஒரு புக்கிங்கும் இல்லாட்டி 120 யூரோ, ஆனா அங்க இருக்கிற ஒராளின்ர வீட்டில நிக்கிறதெண்டு முறைப்படி கடிதம் இருந்தால் 32.50 யூரோ தான். அப்ப ஒராள் 20 நாள் நிண்டால் ஹொட்டல் கணக்கில 1300 யூரோ, வீட்டுக் கணக்கில 650 யூரோ. மூண்டு பேருக்குப் பெருக்கிப் பாருங்கோ. தங்கச்சியை மறைக்கிறதுக்காக ரெண்டு மடங்கு காசு காட்டவேணும், அதோட ஒருநாளும் நிக்கப்போகாத ஹொட்டலின்ர பேரையும் பாடமாக்கவேணும். மனிசன் கடை வச்சிருக்கிறவர், இந்தக் கணக்கை கொப்பித் தாளில போட்டு அந்தப் பிள்ளைக்கு முன்னால வச்சார். அது முதலாளியைப் பாத்துது, முதலாளி மேல ஃபானைப் பாத்தார்.

விசாப் போமிலயே போற காரணம் எண்டு ஒரு கேள்வி இருக்கு, அதில சுற்றுலா வேற, சொந்தக்காரர் சினேகிதரைப் பாக்கிறது வேற எண்டு தனித்தனியாத்தான் கிடக்கு. சொந்தக்காரரைப் பாக்கப் போறது குற்றமெண்டால் அப்பிடி ஒரு பெட்டியை ஏன் வைக்கினம்? பிடிபட்டால் அந்த முறை மட்டும் இல்லை, ஷெங்கன் நாடுகள் எல்லாத்துக்கும் பொதுவா ஒரு விசாத் தகவல் சிஸ்டம் இருக்கு, நீங்கள் குடுத்தது, கைரேகை, மறுத்த காரணம் எல்லாம் அதில அஞ்சு வருசம் மட்டும் கிடக்கும். பிரான்சுக்கு ஹொட்டல் எண்டு சொன்ன ஆள் மற்ற வருசம் சுவிசுக்கு தங்கச்சி எண்டு சொன்னால் அங்க பாத்துக் கேப்பினம்.

தங்கச்சி வீட்டில நிக்கிறதுக்கு வேணும் எண்டு சொன்ன அந்தக் கடிதம் பற்றி ஏஜென்சிக்கு வடிவாத் தெரியேல்லை எண்டதுதான் எனக்குப் பெரிய ஏமாற்றம், ஏனெண்டால் இதுதான் முழு பைலிலயும் கனமான பேப்பர். அங்க இருக்கிறவை தங்கட ஊர் மேரிக்குப் போய் எடுக்கவேணும், மேரி எண்டால் எங்கட மாநகரசபை மாதிரி, கடிதத்துக்கு அத்தெஸ்தாசியோன் தக்கேய் எண்டு பேர். வீட்டு வாடகைப் பத்திரம், சம்பளத் துண்டு, வீடு எத்தினை சதுர மீற்றர், எத்தினை பேர் இருக்கிறியள், எல்லாம் கேப்பினம், 30 யூரோ முத்திரை. சில மேரியில கெதியாக் குடுக்கினம், சில இடத்தில அப்பொயின்மென்றுக்கே வாரக்கணக்கில நிக்கவேணும். முக்கியமான விசயம், அதின்ர மூலப் பிரதிதான் இஞ்ச குடுக்கவேணும், வட்ஸ்அப்பில படம் எடுத்து அனுப்பிறது சரிவராது. ஏஜென்சிப் பிள்ளை "கொப்பி போதும் அக்கா" எண்டுதான் சொன்னது. தங்கச்சின்ர மனிசன் மேரியில கேட்டு, ஒறிஜினல் தான் எண்டு சொன்னபடியால் கூரியரில வந்து சேர்ந்தது. அவர் வேலைக்கு அரை நாள் லீவு போட்டுப் போய், சாப்பாட்டு மேசை மட்டும் அளந்து கணக்குச் சொல்லவேண்டி வந்திட்டுது எண்டு இப்பவும் சொல்லிக் காட்டுவார். ஜேர்மனியிலயும் சுவிசிலயும் இதே மாதிரி ஆனா வேற பேரில உத்தரவாதக் கடிதம் இருக்கு, ஜேர்மனியில வெளிநாட்டவர் அலுவலகத்தில எடுக்கிறது, சுவிசில கூப்பிடுற ஆள் 30,000 பிராங் மட்டும் பொறுப்பு நிக்கிறதெண்டு கையெழுத்து வைக்கவேண்டி வரலாம். ஆகவே ஊரில இருந்து ஏஜென்சியைத் தேட முதல், அங்க இருக்கிற ஆளை எழுப்பி அலுவலகத்துக்கு அனுப்புங்கோ, அதுதான் கனநாள் எடுக்கிற வேலை.

எந்த நாட்டு எம்பசிக்குப் போடவேணும் எண்டதிலயும் ஊரில ஒரு குழப்பம். "அந்த நாடு லேசாக் குடுக்குதாம், அதில எடுத்திட்டு பாரிசுக்குப் போகலாம்" எண்டு ஆரோ சொல்லுவினம். ஷெங்கன் விசா எடுத்தால் 29 நாட்டுக்கும் போகலாம் எண்டது சரி, 2025 தை மாசத்தில இருந்து ருமேனியாவும் பல்கேரியாவும் முழுசாச் சேர்ந்திட்டுது. ஆனா கூட நாள் நிக்கிற நாட்டுக்குத்தான் போடவேணும், எல்லா இடத்திலயும் ஒரே அளவு நாள் எண்டால் முதல் இறங்கிற நாட்டுக்கு. ஜேர்மனியில ஹம் எண்ட ஊர்க் காமாட்சி அம்பாள் தேருக்காகப் போறவை ஜேர்மனிக்குப் போடவேணும், வழியில ரெண்டு நாள் பாரிஸ் பாக்கிறது பிரச்சினையில்லை. லண்டன் இதுக்குள்ள இல்லை, அயர்லாந்தும் இல்லை, சைப்பிரசும் இல்லை. இதை ஏன் சொல்லுறன் எண்டால் பாரிசில இருந்து ரெயிலில லண்டன் ரெண்டரை மணித்தியாலம் தானே, ஒருக்கால் மாமா வீட்டை போயிட்டு வருவம் எண்டு அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தவ.

இனி ஏஜென்சியின்ர நல்ல பக்கம். பிரான்சுக்குப் போம் எல்லாம் ஒன்லைனில, அவையின்ர அரச வெப்சைற்றில நிரப்பி பிறின்ற் எடுத்துக் கையெழுத்து வைக்கவேணும். இங்கிலிசில நீளமாக் கிடக்கும், இடையில விட்டால் திரும்பவும் உள்ள போகவேணும். அந்தப் பிள்ளை மூண்டு பேரின்ரயையும் ஒரே இருப்பில அடிச்சுது, கையும் நல்ல வேகம். அம்மான்ர பிறந்த இடத்தை யாழ்ப்பாணம் எண்டு அடிச்சிருந்தது, பாஸ்போட்டில கரவெட்டி எண்டு கிடக்கு, சொன்ன உடன முகம் சுழிக்காமல் திருத்தித் தந்தது. ஆனா இமெயில் கேக்கிற இடத்தில ஏஜென்சி இமெயிலைப் போட்டிருந்தது, போன் நம்பரும் அவையின்ர. நான் மாத்தச் சொன்னன். "எல்லாரும் இப்பிடித்தான் அக்கா" எண்டிச்சுது. எல்லாரும் எண்டாலும் எம்பசி ஒரு பேப்பர் கூடக் கேட்டால், அப்பொயின்மென்ற் மாறினால், அந்தச் செய்தி கடை பூட்டின ஞாயிற்றுக்கிழமை அவையின்ர பெட்டிக்குள்ள போய்க் கிடக்கும். உங்கட இமெயில், உங்கட பாஸ்வேட், இதில மட்டும் விட்டுக்குடுக்காதேங்கோ.

பேப்பர் அடுக்கிறதில அவையளை அடிக்க ஆளில்லை. எது ஒறிஜினல், எது கொப்பி, எதை எதுக்குப் பின்னால வைக்கவேணும், எல்லாம் பைலாப் பிரிச்சு ஸ்ரிக்கர் ஒட்டித் தந்தவை. பேர் பிரச்சினையையும் அவைதான் கண்டுபிடிச்சவை. அம்மான்ர பேர் பிறப்புப் பத்திரத்தில ஒரு மாதிரி, ஐசியில இங்கிலிஸ் எழுத்து ஒண்டு கூட, பாஸ்போட்டில வேற ஒண்டு குறைவு, பென்சன் புத்தகத்தில அப்பான்ர பேர் முன்னால. யாழ்ப்பாணத்தில ஐம்பதுக்கு மேற்பட்ட ஆரை எடுத்தாலும் இதுதான் நிலைமை. ஜேபி, அதாவது சமாதான நீதவான், ஒராளிட்டப் போய் எல்லாப் பேரும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக்கடதாசி முடிச்சு, அதையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிட்டக் குடுத்து இங்கிலிசில எடுத்தம். இது இல்லாமல் போயிருந்தால் கவுண்டரில நிண்டு முழிச்சிருப்பம்.

மொழிபெயர்ப்பில தான் காசு கறக்கிறது கூட. எங்கட வீட்டு உறுதி, கடை உறுதி, மனிசன்ர தகப்பன்ர தோட்டக் காணி உறுதி, எல்லாத்தையும் பக்கத்துக்கு இவ்வளவு எண்டு மொழிபெயர்க்கச் சொல்லீச்சினம், அந்தப் பழைய உறுதியளில வடக்கெல்லை கிழக்கெல்லை எண்டு மட்டும் ரெண்டு பக்கம் போகும். நான் ரீச்சர், சம்பளத் துண்டும் லீவுக் கடிதமும் இருக்கு. மனிசனுக்குக் கடைப் பதிவும் வரி இலக்கமும் இருக்கு. எங்களுக்கு அது போதும், அம்மாவுக்கு பென்சனைத் தவிர ஒண்டும் இல்லாதபடியால் அவ இருக்கிற வீட்டு உறுதியை மட்டும் குடுத்தம். திரும்பி வருவியள் எண்டதுக்கு அவையள் பாக்கிறது இஞ்ச உங்களுக்கு என்ன கிடக்கு எண்டதுதான், ஆனா ஒரே விசயத்தை ஏழு பேப்பரில சொல்லவேணும் எண்டில்லை. அரச உத்தியோகத்தர் எண்டால் லீவை முதல் தொடங்குங்கோ, வெளிநாட்டு லீவுக்கு உரிய பொது 126 போம் நிரப்பி அதிபர், வலயம், அங்கால எண்டு ஒவ்வொரு மேசையாப் போகவேணும், விசாவை விட எனக்கு அதுதான் நாரி முறிஞ்ச வேலை.

பாஸ்போட் இல்லாதவைக்கு ஒரு நல்ல செய்தி, 2025 புரட்டாசியில இருந்து யாழ்ப்பாணக் கச்சேரியிலயே, அதுதான் மாவட்டச் செயலகத்தில, பாஸ்போட் அலுவலகம் இருக்கு, முந்தி மாதிரி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ விடிய விடியப் போய்க் கியூவில நிக்கத்தேவையில்லை. பாஸ்போட் பத்து வருசத்துக்குள்ள எடுத்ததா இருக்கவேணும், திரும்புற நாளில இருந்து மூண்டு மாசமாவது செல்லவேணும், ரெண்டு பக்கமாவது வெறுமையா இருக்கவேணும்.

பாங்க் விசயம். இதிலதான் எனக்கு ஏஜென்சியில சரியான கோவம். "உங்கட எக்கவுண்டில பலன்ஸ் காணாதெண்டால் சொல்லுங்கோ, நாங்கள் ஒரு கிழமைக்குக் காசு போட்டு ஸ்ரேற்மென்ற் எடுத்துத் தருவம், வட்டி மட்டும் தாங்கோ" எண்டு முதலாளி அண்ணை பெரிய உதவி மாதிரிச் சொன்னார். என்ர மச்சாள் ஒராள் இப்பிடித்தான் வேற ஒரு இடத்தில செய்து, கடைசிக் கிழமையில பத்து லட்சம் ஏறி ஸ்ரேற்மென்ற் எடுத்த மற்ற நாள் இறங்கி, விசா மறுத்து வந்தது. கடிதத்தில காரணப் பட்டியல் அச்சடிச்சுக் கிடக்கும், பொருந்திறதுக்குப் புள்ளடி போட்டிருப்பினம், அவவுக்கு ரெண்டு இடத்தில. மூண்டு மாச ஸ்ரேற்மென்ற் கேக்கிறதே காசு எப்பிடி வருது எப்பிடிப் போகுது எண்டு பாக்கத்தான். எங்கடை கடைக் கணக்கு, நாளாந்தம் சின்னச் சின்னக் காசு ஏறும், சாமான் எடுக்கிற நாளில இறங்கும், ஒரு மாசம் நல்லாவே இறங்கித்தான் இருந்தது, அப்பிடியே குடுத்தம். தங்கச்சி செலவைப் பாக்கிறதெண்டு அவவின்ர மனிசன்ர சம்பளத் துண்டும் சேர்த்தம். பாங்கில ஒவ்வொரு பக்கத்துக்கும் சீல் அடிச்சுத் தரச் சொல்லிக் கேளுங்கோ, கேக்காட்டி முதல் பக்கத்தில மட்டும் அடிச்சுப்போட்டு விட்டிடுவினம்.

ஒருவேளை மறுத்தாலும் பிரான்ஸ் எண்டால் 30 நாளுக்குள்ள நாந்த் நகரில இருக்கிற அவையின்ர விசாப் பிரிவுக்கு அப்பீல் எழுதலாம், அதை ஒரு ஏஜென்சியும் சொல்லாயினம், திரும்பப் போடுங்கோ எண்டுதான் சொல்லுவினம். திரும்பப் போட்டால் தானே அவைக்கு இன்னொருக்கால் காசு.

ரிக்கற்றும் இன்சூரன்சும் சின்ன விசயம். விசா வரமுதல் ரிக்கற்றுக்கு முழுக்காசு கட்டத்தேவையில்லை, புக்கிங் இருந்தால் காணும். இன்சூரன்ஸ் ஆகக்குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு, ஷெங்கன் முழுக்கச் செல்லுபடியாக, நிக்கிற முழு நாளுக்கும். அம்மான்ர வயசுக்கு எங்களை விட நல்லாக் கூடக் கேட்டவை. ஏஜென்சி தாங்களே எடுத்துத் தாறம் எண்டினம், நாங்கள் ரவுணில இருக்கிற கொம்பனிக் கிளையில நேராப் போய் எடுத்தம், விலை குறைவா வந்தது.

போட்டோவைப் பற்றி ஒரு வரி எழுதாட்டி எனக்குப் பத்தியப்படாது. 35க்கு 45 மில்லிமீற்றர், பின்பக்கம் வெளிர் நிறம், சிரிக்கக்கூடாது. ஏஜென்சிக்குப் பக்கத்து ஸ்ரூடியோவுக்குத்தான் அனுப்பினவை. ஸ்ரூடியோத் தம்பி அம்மாவை இருத்திப் படம் எடுத்து, கொம்பியூட்டரில போட்டு, கண்ணுக்குக் கீழ இருந்த கருவளையத்தை அழிச்சு, கன்னத்துச் சுருக்கத்தை அழிச்சு, கடைசியில மாநிறமா இருந்த மனிசியைப் பால் மாதிரி ஆக்கிக் குடுத்திட்டான். அம்மாவுக்குச் சரியான சந்தோசம், ரெண்டு கொப்பி கூட எடுப்பிச்சு சாமி அறையில வச்சிட்டா. நான் விசா போட்டோ தம்பி, கலியாணப் புறோக்கருக்கு இல்லை எண்டு சொல்லி ஒண்டும் தொடாத படத்தை எடுப்பிச்சன். கொழும்பில எங்களுக்கு முன்னால நிண்ட குடும்பத்துக்கு இதே வெள்ளைப் படத்தை இது சரிவராது எண்டு திருப்பிக் குடுத்து, அங்கயே காசு கட்டி வேற எடுப்பிச்சவை.

கொழும்பு அலுவல். எம்பசி நேரா போம் எடுக்காது, அதுக்கெண்டு ஒரு கொம்பனிக்கு வேலையைக் குடுத்திருக்கினம், கைரேகை வைக்கவேணும் எண்டபடியால் ஏஜென்சி உங்களுக்குப் பதிலாப் போகவும் ஏலாது. அப்பொயின்மென்ற் கோடை காலத்துக்குக் கிடைக்கிறது கஸ்ரம், பயணத்துக்கு ஆறு மாசம் முதலே போடலாம், ஆகக்குறைஞ்சது 15 நாள் முதல். ஏஜென்சி இதுக்கும் தனியாக் காசு கேட்டவை, ஆனா நான் விடியக்காலமை எழும்பிப் பாத்து நானே எடுத்திட்டன், அந்த வெப்சைற்றில அப்பொயின்மென்ற் எடுக்க ஒரு சதமும் இல்லை. இரவு பஸ்ஸில ஏறி விடிய வெள்ளவத்தையில இறங்கி, லொட்ஜில முகம் கழுவி, அம்மாவுக்கு இடியப்பமும் சொதியும் வாங்கிக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போனம். வயசு போனவையோட போறதெண்டால் பகல் ரெயில் நல்லம், முதல் நாள் போய்த் தங்குங்கோ, அம்மா பஸ்ஸில நித்திரை கொள்ளாமல் வந்து அங்க கதிரையில இருந்து தூங்கினவ.

அந்தக் கொம்பனியின்ர நிலையத்துக்கு நான் அஞ்சுக்கு மூண்டரை குடுப்பன். சுத்தம், ரோக்கன் ஒழுங்கு, தமிழ் கதைக்கிற ஒரு பிள்ளை கவுண்டரில இருந்தது, அம்மாவோட நல்ல பண்பா "அம்மா இதில கையை வையுங்கோ" எண்டு கதைச்சுது. பத்து விரலும் வைக்கவேணும். அம்மா சின்ன வயசில இருந்து வெங்காயத் தோட்டத்தில நிண்ட ஆள், அவவின்ர விரல் மெசினில விழவே இல்லை, ரேகை எல்லாம் தேய்ஞ்சு போச்சு. அந்தப் பிள்ளை ஈரத் துணியால துடைச்சு, ஒவ்வொரு விரலாத் தன்ர கையால அமத்திப் பிடிச்சு, சிவப்பு லைற் பச்சையா மாறுமட்டும் பொறுமையா நிண்டுது. 12 வயசுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளுக்குக் கைரேகை இல்லை. ஒருக்கால் வச்சால் 59 மாசத்துக்கு அதையே திரும்பப் பாவிக்கலாம்.

குறை என்னெண்டால் ஒவ்வொரு அடிக்கும் விக்கிறது. தனி அறையில இருத்தித் தேத்தண்ணி தாறதுக்கு ஒரு விலை, எஸ்எம்எஸ் வாறதுக்கு ஒரு விலை, பாஸ்போட் வீட்டை அனுப்ப ஒரு விலை, போட்டோக் கொப்பி ஒரு பக்கம் ரவுண் விலையை விட எத்தினையோ மடங்கு. வேண்டாம் எண்டால் வற்புறுத்தாயினம், ஆனா வேண்டாம் எண்டு சொல்லலாம் எண்டது அங்க வாற கனக்கப் பேருக்குத் தெரியாது, கட்டாயம் எண்டு நினைச்சுக் கட்டிப்போட்டுப் போகினம். நாங்கள் கூரியர் மட்டும் எடுத்தம், யாழ்ப்பாணத்தில இருந்து பாஸ்போட் எடுக்க இன்னொருக்கால் கொழும்புக்குப் போற செலவோட பாத்தால் அது லாபம்தான்.

விசாக் காசு பெரியாக்களுக்கு 90 யூரோ, 2024 ஆனியில கூட்டினவை, 6 இல இருந்து 12 வயசுக்குள்ள பாதி, ஆறுக்குக் கீழ இல்லை. இப்பத்தைய ரூபாக் கணக்கில ஆளுக்கு முப்பதாயிரத்துக்கு மேல, நிலையக் கட்டணம் புறம்பு. மறுத்தாலும் திருப்பித் தராயினம். ஏஜென்சிக்காரர் "விசா வராட்டி காசு திருப்பித் தருவம்" எண்டு சொல்லுறது தங்கட கூலியை மட்டும்தான், அதையும் கேட்டு எழுதி வாங்குங்கோ.

முடிவு சொல்ல 15 நாள் எண்டு சட்டம், தேவையெண்டால் 45 நாள் மட்டும் இழுக்கலாம். எங்களுக்கு அந்த 15க்குள்ளயே வந்திட்டுது. பாஸ்போட் வந்த உடன ஸ்ரிக்கரைப் படியுங்கோ, இதில கனபேர் பிழை விடுகினம். எந்தத் திகதியில இருந்து எந்தத் திகதி மட்டும் எண்டு இருக்கிறது உள்ள போய் வெளிய வரவேண்டிய இடைவெளி, எத்தினை நாள் நிக்கலாம் எண்டது வேற பெட்டியில வேற இலக்கமாக் கிடக்கும். இடைவெளி வழமையா ரெண்டு கிழமை கூடத்தான் தருவினம், பயணம் தள்ளிப்போனால் உதவட்டும் எண்டு, அதுக்காக அவ்வளவு நாளும் நிக்கலாம் எண்டு நினைச்சால் அடுத்த விசாவுக்குச் சங்குதான். ஆகக்கூடினது எப்பிடியும் 180 நாளுக்குள்ள 90 நாள். எங்கட மச்சாள் வீட்டில ஒராள் இதைப் படிக்காமல் ரிக்கற்றைத் தள்ளிப் போட்டு, பேந்து எயார்போட்டில நிண்டு விளக்கம் சொன்னவை.

பாரிஸ் எயார்போட்டில பொலிஸ்காரன் மனிசனிட்ட மட்டும் எங்க நிக்கிறியள் எண்டு கேட்டவன், மேரிக் கடிதத்தின்ர கொப்பியைக் காட்டின உடன விட்டிட்டான். விசா இருந்தாலும் அதே பேப்பரைத் திரும்பக் கேக்கலாம், ஆகவே முழு பைலையும் கைப்பையில வையுங்கோ, சூட்கேசுக்குள்ள வச்சுப் பூட்டிப்போட்டு நிக்காதேங்கோ. 2025 ஐப்பசியில இருந்து சீல் அடிக்கிறதுக்குப் பதிலா எல்லையில முகமும் கைரேகையும் எடுத்து கொம்பியூட்டரில பதியிற முறை தொடங்கியிருக்கு, எத்தினை நாள் நிண்டியள் எண்டதை இனி ஆரும் விரல் விட்டு எண்ணத்தேவையில்லை, மெசினே சொல்லும்.

அப்ப ஏஜென்சிக்குப் போறதோ விடுறதோ எண்டு கேட்டால், இங்கிலிசில போம் நிரப்பப் பழக்கமான ஒராள் வீட்டில இருந்தால் தேவையே இல்லை. இல்லாட்டிப் போங்கோ, ஆனா ரைப் அடிக்கவும் பைல் கட்டவும் எண்டு சொல்லிப் போங்கோ. எங்களிட்ட ஆளுக்கு 20,000 ரூபா கேட்டவை, அப்பொயின்மென்ற், இன்சூரன்ஸ், ஹொட்டல், உறுதி மொழிபெயர்ப்பு எல்லாத்தையும் வெட்டினாப் பிறகு 12,000க்கு இறங்கினவை, இன்னும் கதைச்சிருந்தால் பத்துக்கும் வந்திருப்பினம் எண்டு மனிசன் சொல்லுறார். சனிக்கிழமை போகாதேங்கோ, கனடா அலுவல் எண்டு சனம் நிரம்பி வழியும், புதன் வியாழன் காலமை ஆறுதலா இருக்கும். காசு கட்டின உடன ரசீது கேளுங்கோ, கேக்காட்டித் தராயினம், பாஸ்போட்டைக் கையில குடுக்கிறதெண்டால் அதுக்கும் ஒரு துண்டு எழுதி சீல் வாங்குங்கோ.